வெள்ளியில் விழும் புள்ளி

கனடாவின் அரச நாணயச்சாலை 1988 முதல் மேப்பிள் இலை பொறித்த வெள்ளி நாணயத்தை வெளியிட்டுவருகிறது. எடை 31.1 கிராம், விட்டம் 38 மில்லிமீட்டர், தூய்மை 99.99 விழுக்காடு. 25 நாணயங்களை ஒரு பிளாஸ்டிக் குழாயில் அடுக்கி, மூடி அனுப்புவார்கள். வாங்கியவர் மூடியைத் திறக்காமலே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். விரல் படவில்லை, ஈரம் படவில்லை. ஆனாலும் ஓராண்டோ ஈராண்டோ கழித்துத் திறந்து பார்த்தால் இலையின் மேலும் அதைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பிலும் மங்கிய வெள்ளைப் புள்ளிகள். சேகரிப்பாளர்கள் இதை 'மில்க் ஸ்பாட்' என்பார்கள். அமெரிக்காவின் ஈகிள், பிரிட்டனின் பிரிட்டானியா, ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயங்கள் எதுவும் இதற்குத் தப்பவில்லை. தரமதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்கித் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிடப்பட்ட நாணயத்திலும், அந்த உறைக்குள்ளேயே புள்ளி எழும்பியிருக்கிறது.

வெளியிலிருந்து எதுவும் வராதபோது புள்ளி எங்கிருந்து வந்தது? நாணயம் பிறந்த இடத்திலிருந்தே வந்தது. வெள்ளிப் பாளத்தை உருட்டித் தகடாக்கி, தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். உருட்டி வெட்டியதில் உலோகம் இறுகிவிடும். அதை இளக்க வில்லைகளை உலையில் சுடவைக்கிறார்கள். இடையிடையே எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் போகச் சோப்புக் கரைசலில் கழுவுகிறார்கள். பிறகுதான் அச்சுக்கடியில் வைத்து அடிக்கிறார்கள். கழுவிய கரைசலில் ஒரு துளி வில்லையில் சரியாக அலசப்படாமல் தங்கிவிட்டால், அதன் உப்புகள் உலைச்சூட்டில் வெள்ளியோடு ஒட்டிப்போகின்றன. அச்சடித்த அன்று கண்ணுக்குத் தெரியாது. மெல்ல மெல்ல வெளுத்துத் தெரியத் தொடங்கும். பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுதான். சில நாணயங்களில் வந்து சிலவற்றில் வராததும், வாங்கியவர் எவ்வளவு கவனமாக இருந்தும் வருவதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன.

இந்தப் புள்ளியை நீக்கச் சேகரிப்பாளர்கள் முயலாத வழி இல்லை. அசிட்டோனில் அது கரையாது. கறுப்பை நீக்கும் திரவத்தில் முக்கினாலும் பெரும்பாலும் அசையாது. பென்சில் அழிப்பானால் தேய்ப்பவர்களும் உண்டு. தேய்த்தால் புள்ளி போய்விடலாம். கூடவே, புள்ளியை விடப் பெரிய ஒன்றும் போய்விடும்.

அந்தப் பெரிய ஒன்று நாணயத்தின் ஒளி. புது நாணயத்தை விளக்கடியில் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், நடுவிலிருந்து விளிம்புவரை ஒளிக்கீற்றுகள் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழலும். இதனால்தான் சேகரிப்பாளர்கள் இதற்குக் 'கார்ட்வீல்' என்று பெயரிட்டார்கள். வெள்ளி என்ற உலோகம் தானாகவே இப்படி மின்னுவதில்லை. பெரிய வெள்ளி நாணயத்தின் மேல் அச்சு நூறு டன் அளவிலான விசையோடு இறங்கும்போது, திடமாக இருக்கும் வெள்ளி ஒரு கணம் குழைந்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் பரப்பில் மிக நுண்ணிய ஆரைக் கோடுகளை விட்டுச்செல்கிறது. ஏர் ஓட்டிய வயலின் சால்களைப் போல அருகருகே கிடக்கும் அந்தக் கோடுகளின் சரிவுகளில் பட்டுத்தான் ஒளி சுழல்கிறது. மென்மையான பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தாலே சால்களின் மேடுகள் மழுங்கத் தொடங்கும். அந்த நாணயத்தை அடித்த அச்சும் அந்த அடியும் திரும்ப வராது. ஆகவே வெள்ளி நாணயத்தைப் பொறுத்தவரை கறையை நீக்குவது என்ற பேச்சை நான் எப்போதும் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். வராமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

நம் வீடுகளில் வெள்ளி விளக்கையும் குங்குமச் சிமிழையும் திருநீற்றால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவார்கள். விளக்குக்கு அது நல்ல வைத்தியம். திருநீற்றின் நுண்துகள்கள் கறுத்த படலத்தோடு வெள்ளியின் மேற்பரப்பையும் கொஞ்சம் சுரண்டி எடுக்கின்றன, அவ்வளவுதான். அதே திருநீறோ பற்பொடியோ விக்டோரியா ரூபாயின் மேல் பட்டால் அடுத்த நிமிடம் அது தேய்த்த நாணயம். தேர்ந்த கண் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். விலை பாதிக்கும் கீழே இறங்கலாம்.

கறுப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் ஆக்சிஜனை வெள்ளி பொருட்படுத்துவதில்லை. அதன் பலவீனம் கந்தகம். முட்டை அழுகினால் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் வெள்ளி அதை விடாமல் பற்றி வெள்ளி சல்ஃபைடாக மாறும். கார்போனைல் சல்ஃபைடு என்ற இன்னொரு வாயுவும் உண்டு. கடலும் எரிமலையும் வெளிவிடும் அது, வளிமண்டலத்தில் மிகுதியாக இருக்கும் கந்தக வாயு. அதுவும் வெள்ளியைக் கறுக்க வைக்கக்கூடியது என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1981இல் எழுதினார்கள். ஆலையோ சாக்கடையோ அருகில் இல்லாத ஊரிலும் வெள்ளி கறுப்பது ஏன் என்பதற்கு இது பதில் சொல்கிறது.

எவ்வளவு கந்தகம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேப்பிள் நாணயத்தின் இரு முகங்களும் விளிம்பும் சேர்ந்து சுமார் 26 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 40 நானோமீட்டர் தடிமனுக்குச் சல்ஃபைடு படர்ந்தால் நிறம் நன்றாகவே தெரியும். அந்தப் படலம் முழுவதையும் வழித்தெடுத்து எடை போட்டால் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதில் கந்தகத்தின் பங்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்று. முழு நாணயமும் நிறம் மாற அவ்வளவு போதும். அப்படியானால் நாணயத்தைச் சுற்றிய காகிதத்தில், அதைக் கட்டிய ரப்பர் வளையத்தில், அதன் கீழ் விரித்த கம்பளித் துணியில் இருக்கும் கந்தகம் அதற்கு மலையளவு.

அந்தப் படலம் கறுப்பாகத்தான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக வரும். சாயம் எதுவும் இல்லை. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதைக் கடந்து அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் வலுத்தும் சில நிறங்கள் அழிந்தும் போகின்றன. தடிமன் சில நானோமீட்டர் கூடினாலே நிறம் மாறிவிடும். அமெரிக்காவின் மார்கன் டாலர்கள் 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921இலும் அடிக்கப்பட்டவை. புழக்கத்துக்குப் போகாதவை ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டுக் கருவூலத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பைத்துணியை ஒட்டிக் கிடந்த நாணயங்களில் துணியிலிருந்த கந்தகம் ஏறி, பிறை பிறையாக வானவில் நிறங்கள் படர்ந்தன. பக்கத்து நாணயம் மறைத்த இடம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. சிலவற்றில் துணியின் நெசவே பதிந்திருக்கிறது. இன்று அந்த வானவில் டாலர்களுக்குச் சாதாரண டாலரைவிடப் பல மடங்கு விலை. அவை தப்பிப் பிழைத்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த வெள்ளியில் பெரும்பகுதியைப் போர்க்கால நெருக்கடியில் பிரிட்டன் இந்தியாவுக்காக வாங்கியது. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் சில, அதற்கு முன் மார்கன் டாலராக இருந்திருக்கும்.

சீராகப் படர்ந்தால் அழகு என்றும், ஓரிடத்தில் திட்டாக நின்றால் குறை என்றும் சேகரிப்பாளர்கள் சொல்வது வெறும் ரசனை இல்லை. திட்டு என்றால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். அது இன்னும் அங்கேயே இருக்கலாம்.

இந்தக் கறுப்புக்கு அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. உலோகங்கள் சூடேறினால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறையும். வெள்ளி சல்ஃபைடில் அது கூடுகிறது என்று மைக்கேல் ஃபாரடே 1833இல் கண்டார். குறைகடத்திகளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதல் பதிவு அது. சரியாக நூறாண்டு கழித்து, ஜெர்மன் வேதியியலர் கார்ல் வாக்னர் ஒரு சோதனை செய்தார். வெள்ளிக்கும் உருகிய கந்தகத்துக்கும் நடுவில் இரண்டு வெள்ளி சல்ஃபைடு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூடேற்றினார். பிறகு இரண்டையும் எடை பார்த்தார். வெள்ளியை ஒட்டிய வில்லையின் எடை மாறவில்லை. கந்தகத்தை ஒட்டிய வில்லை எடை கூடியிருந்தது. கந்தகம் உள்ளே புகுந்து வெள்ளியைத் தின்னவில்லை. வெள்ளிதான் படலத்தை ஊடுருவி வெளியே வந்து கந்தகத்தைச் சந்திக்கிறது! அலுமினியத்தில் ஆக்சைடு படலம் ஒருமுறை படிந்தால் அதுவே மூடியாகி மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கும். வெள்ளியின் சல்ஃபைடு அப்படி மூடியாவதில்லை. படலம் தடிக்கத் தடிக்க வேகம் குறையுமே தவிர, வெளியே கந்தகம் உள்ளவரை உள்ளிருந்து வெள்ளி வந்துகொண்டே இருக்கும். 'கொஞ்சம் கறுத்துவிட்டது, இனி இதுவே பாதுகாப்பு' என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

நாணயத்துக்குக் காற்றை விடப் பெரிய பகை, நாம் பாதுகாப்பு என்று நம்பிச் சுற்றும் உறை. இங்கே ஆல்பம் என்ற பெயரில் விற்கும் மெத்தென்ற, வளைந்து கொடுக்கும் கவர்களில் பல பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். இயல்பில் அது விறைப்பானது. மென்மையாக்கவென்று எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். வெயிலும் வெக்கையும் உள்ள ஊரில் அந்த எண்ணெய் கசிந்து நாணயத்தில் படியும். பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். 1835 முதல் அடிக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, விக்டோரியா ரூபாய்களில் 12இல் 11 பங்குதான் வெள்ளி, மிச்சம் செம்பு. அந்தச் செம்பை அமிலம் தாக்கினால் பச்சை நிறப் பிசின் எழுத்துகளின் இடுக்கில் தேங்கும். விட்டுவைத்தால் பரப்பே குழி குழியாகிவிடும்.

இது கண்டுபிடிக்கக் கடினமான பகையும் இல்லை. கவரைக் கசக்கினால் சரசரவென்று சத்தம் கேட்டு விறைப்பாக இருந்தால் அது பெரும்பாலும் மைலார் எனப்படும் பாலியெஸ்டர், நாணயத்துக்குத் தீங்கில்லாதது. துவண்டு மடிந்து, புது ரெக்சின் வாடை அடித்தால் ஒதுக்கிவிடுங்கள். ஐயம் தீராதவர்கள் ஒரு பழைய சோதனையைச் செய்யலாம். செம்புக் கம்பியின் நுனியைச் சுடரில் காட்டிப் பழுக்க வைத்து, கவரின் ஒரு துணுக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. பைல்ஸ்டைன் என்ற வேதியியலரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் சோதனை இது. கிளம்பும் புகை நச்சு என்பதால் திறந்த வெளியில், கவரின் சிறு துணுக்கை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும்.

அருங்காட்சியகங்களும் இதே பாடத்தைப் படித்தவைதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிக்குள் போடும் துணி, மரம், பசை, வண்ணப்பூச்சு ஆகியவையே உள்ளே இருக்கும் உலோகப் பொருளைக் கெடுக்கின்றன என்பதுதான் அவர் எச்சரிக்கை. அவர் தந்த சோதனையை இன்றும் உலகெங்கும் செய்கிறார்கள். ஐயத்துக்குரிய பொருளில் கொஞ்சம், சில துளித் தண்ணீர், கூடவே வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகள். எல்லாவற்றையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். வெள்ளித் துண்டு கறுத்தால் அந்தத் துணியில் கந்தகம் இருக்கிறது என்று பொருள். அது பெட்டிக்குள் போகாது. வீட்டில் இதைச் சிறு அளவில் செய்யலாம். நன்றாகத் துடைத்த சாதாரண வெள்ளித் துண்டு ஒன்றை நாணயப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். நாணயத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை அது முன்கூட்டியே காட்டும்.

அடுத்தது நம் உடம்பு. வியர்வையில் உப்பும் கொழுப்பு அமிலங்களும் உண்டு. நாணயத்தின் முகத்தில் கட்டைவிரலை அழுத்தினால் அன்று ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் ரேகை அப்படியே பழுப்பாக எழும். விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும், அதுவும் மெத்தென்ற துணி விரித்த மேசைக்கு மேல், விழுந்தாலும் அடிபடாதபடி. ரப்பர் கையுறை வேண்டாம், ரப்பரை இறுக்கச் சேர்ப்பதே கந்தகத்தைத்தான். நைட்ரைல் கையுறை நல்லது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. பேசும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள்தான் பிற்பாடு குண்டூசித் தலையளவு கரும்புள்ளிகளாகின்றன. பரப்பைக் கெடுக்காமல் அவற்றை நீக்குவது மிகக் கடினம்.

புதிதாக ஒரு நாணயம் கைக்கு வந்து, அதில் பிசுக்கோ பி.வி.சி. படலமோ இருப்பதாகத் தோன்றினால் தூய அசிட்டோன் ஒன்றே நான் பரிந்துரைப்பது. நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை அமிழ்த்தி வைத்து, எடுத்து, புது அசிட்டோனில் இன்னொருமுறை அலசி, தேய்க்காமல் தானே உலரவிட வேண்டும். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது. கொழுப்பையும் பிளாஸ்டிக் எண்ணெயையும் மட்டும் கரைக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் இந்த வேலை கூடாது. கறுப்பை நீக்கக் கடையில் விற்கும் தயோயூரியா திரவங்கள் வேறு வகை. அவை சல்ஃபைடைக் கரைக்கும்போது, சல்ஃபைடாக மாறிப்போன வெள்ளியும் சேர்ந்து போகும். தராசுக்கு அது தெரியாது. மேப்பிள் நாணயத்தில் 40 நானோமீட்டர் படலத்தோடு போகும் வெள்ளி, மொத்த எடையில் சுமார் 47 ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒளியைத் தரும் சால்கள் இருப்பதும் அந்த மேல்தோலில்தானே? சிலமுறை முக்கிய நாணயம் வெளுத்து, உயிரில்லாமல் கிடக்கும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீர் முறையில் சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகிறது என்பது உண்மைதான். அந்த வெள்ளி பழைய கோடுகளில் போய் அமர்வதில்லை. தட்டுக்கும் கொலுசுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பெட்டி. ஒவ்வொரு நாணயத்துக்கும் அளவான, விறைப்பான அக்ரிலிக் கேப்சூல். அவற்றை இறுக மூடும் டப்பாவில் அடுக்கி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரம் இருந்தால் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, கந்தக வாயு அதில் கரைந்து வேகமாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இந்தப் பொட்டலத்தை மறக்கவே கூடாது. ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தித் திரும்பப் போடலாம். கந்தகத்தைத் தானே முன்வந்து வாங்கிக்கொள்ளும் பொருள்களும் கிடைக்கின்றன. பெல் ஆய்வகத்தில் பிறந்த ஒரு நுட்பத்தில் பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய செம்புத் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் கந்தக வாயுவைச் செம்பு பிடித்துக்கொள்ளும், நாணயம் பிழைக்கும். வெள்ளித் துகள் கலந்து நெய்த துணிப் பைகளும் அதே வேலையைச் செய்கின்றன. அட்டைப் பெட்டி, செய்தித்தாள், கம்பளி, பாச்சை உருண்டை, ரப்பர் வளையம் எதுவும் அந்த அலமாரித் தட்டில் இருக்கக் கூடாது.

நாணயம் பிறக்கும்போதே காப்பிட முடியுமா என்ற கேள்விக்கு வேதியியல் சில அழகான விடைகளைத் தந்திருக்கிறது. அல்கேன்தயால் என்ற மூலக்கூறுக்கு ஒரு முனையில் கந்தகம், மறுமுனையில் நீண்ட கொழுப்பு வால். கந்தக முனை வெள்ளியைப் பற்றிக்கொள்ள, வால்கள் நெருக்கமாக நிமிர்ந்து நின்று ஒரே ஒரு மூலக்கூறு உயரத்தில் வேலி போடும். எந்தத் தனிமம் வெள்ளியைக் கெடுக்கிறதோ அதுவே வேலிக்கு வேராகிறது. பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெள்ளிக் கலைப்பொருள்களின் மேல் அலுமினியம் ஆக்சைடை அணு அணுவாக அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத படலம் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். சேகரிப்பாளர் தாமாகப் பூசும் எந்தப் பூச்சையும் நாணயச் சந்தை குறையாகவே கருதும். ஒரு காலத்தில் லேக்கர் பூசிக் காப்பாற்ற நினைத்த நாணயங்கள் இன்று மதிப்பிழந்து நிற்கின்றன. செய்வதானால் நாணயச்சாலையே செய்ய வேண்டும்.

கனடா அதைத்தான் செய்தது. 2018இல் 'மின்ட்ஷீல்டு' என்ற மேற்பரப்புக் காப்பு முறையை மேப்பிள் வெள்ளி நாணயங்களுக்குக் கொண்டுவந்து, வெண்புள்ளி வருவது பெருமளவு குறையும் என்று அறிவித்தது. ஆகவே மேப்பிள் சேர்க்க நினைப்பவர் 2018 முதல் வந்தவற்றில் தொடங்குவது நல்லது. அதற்கு முந்தைய ஆண்டு வேண்டுமானால் குழாயோடு வாங்காமல், ஒவ்வொரு நாணயத்தையும் விளிம்பில் பிடித்து, விளக்கின் ஒளி சாய்வாகப் படும்படி திருப்பிப் பார்த்து எடுக்க வேண்டும். புள்ளி இருந்தால் வெள்ளியின் எடைக்கு மேல் விலை கொடுக்க வேண்டாம். ஏற்கனவே உங்களிடம் இருப்பதில் புள்ளி எழும்பியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.